பாஸ்தாவுக்கு ‘டெக்னிக்’, சொதிக்குக் ‘கைப்பக்குவம்’

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட பெடியள் சிலருக்குச் சமையல் ஆசை வரும். பெரும்பாலும் பாஸ்தாதான். சோஸ் போத்தல் ஒன்று, குக்கிங் கிரீம் பெட்டி ஒன்று, கொஞ்சம் சீஸ். செய்து, படம் எடுத்து, ஸ்டோரியில் போட்டால் இதயங்கள் வந்து விழும். ‘ஷெஃப்’ எண்டு கொமென்ட் வரும். அதே குசினியில் அன்று காலை இடியப்பத்துக்குத் தக்காளிச் சொதி வைத்த அம்மாவுக்கு ஒரு இதயமும் விழுந்திருக்காது. பின்னேரம் அந்தத் தாச்சியையும் அவதான் கழுவியிருப்பா.

நான் பாஸ்தாவுக்கு எதிரி இல்லை. எனக்கும் விருப்பம். என்ர கேள்வி வேற: இரண்டும் ஒரே வேலை எண்டால், ஒன்றுக்கு மட்டும் ஏன் கைதட்டு?

கிரீமியான தக்காளிச் சோஸ் என்பது கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிற வேலை. தக்காளி புளிப்பானது, கொதிக்கிற தக்காளிக்குள் சும்மா பாலை விட்டால் அதன் புரதம் திரளும், சோஸ் திரைஞ்சு போகும். கிரீமில் கொழுப்பு கூட, புரதம் குறைவு. அதனால் அது இலகுவில் திரையாது. பாஸ்தா அவித்த தண்ணியில் கரைந்திருக்கும் மாப்பொருளும் கொழுப்பைப் பிரியாமல் வைத்திருக்க உதவும். வீடியோக்களில் இதைத்தான் ‘டெக்னிக்’ என்கிறார்கள்.

இப்ப சொதியைப் பாருங்கோ. இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, மஞ்சள் எல்லாம் அவியும். முதற்பால் கடைசியில்தான். விட்ட பிறகு அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்கோணும். பொங்கிக் கொதிக்க விடக்கூடாது. தேசிக்காய்ப்புளி அடுப்பால் இறக்கினாப் பிறகு. இந்த ஒவ்வொரு விதியும் பால் திரையாமல் காக்கிற விதி. அதே அறிவு. ஆனால் இதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘கைப்பக்குவம்’. பாராட்டுப் போலத்தான் கேட்கும். உண்மையில் அந்தச் சொல், அது படித்து, பிழைவிட்டு, திருத்திப் பழகிய அறிவு என்பதை மறைக்கிறது. பிறவியிலேயே கையோடு வந்த ஒன்று எண்டால் அதற்கு யாரும் நன்றி சொல்லத் தேவையில்லைத்தானே.

அந்த அறிவை வைத்தே பாஸ்தாவும் செய்யலாம். நாலு பேருக்கு 400 கிராம் பாஸ்தா, அரைக் கிலோ நல்லாப் பழுத்த தக்காளி. எண்ணெயில் ஆறேழு பல்லு உள்ளியையும் இடிச்ச செத்தல் மிளகாயையும் வதக்கி, வெட்டின தக்காளியை உப்போடு போடுங்கோ. பச்சை மணம் போய், எண்ணெய் ஓரத்தில் மிதக்கும் வரைக்கும், இருபது நிமிஷமளவில், மசிச்சு மசிச்சு வத்த விடுங்கோ. அவசரப்பட்டால் சோஸ் தண்ணியாத்தான் இருக்கும். பாஸ்தாவை வடிக்க முதல் ஒரு கப் தண்ணியை எடுத்து வையுங்கோ. அடுப்பை நல்லாக் குறைச்சு, அரைக் கப் முதற்பாலையும் அந்தத் தண்ணியில் பாதியையும் விட்டுத் துழாவி, பாஸ்தாவைப் போட்டுப் பிரட்டி இறக்குங்கோ. இறுகினால் மிச்சத் தண்ணி இருக்கு. மேலே மிளகுதூள். அரைத் தேங்காய் போதும். போத்தலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

‘தேங்காய்ப்பால் விட்டால் அது இத்தாலியன் இல்லை’ எண்டு ஒருத்தர் வருவார். இத்தாலிக்குத் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் ஒரு தக்காளிச் சோஸ் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பானிய முறையில்’. எங்கட சொதியில் கிடக்கிற தக்காளியும் பச்சை மிளகாயும்கூட அதே கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவைதான். கலப்பில்லாத சமையல் எண்டு ஒன்றை யாரும் காட்டப்போவதில்லை. தேங்காய் வாசம் பிடிக்காதெண்டால் கிரீமை விடுங்கோ, அது உங்கட நாக்கு. ஆனால் கிரீம் உயர்ந்தது, தேங்காய்ப்பால் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ எண்டு மட்டும் கதைக்க வேண்டாம்.

அம்மாவின் சொதிக்கும் ஒரு படம் எடுத்துப் போடுங்கோ எண்டு நான் கேட்கவில்லை. அன்னையர் தினத்துக்கு அதைச் செய்துபோட்டு அடுத்த நாள் மறந்துவிடுவோம். கேட்பது இரண்டு விஷயம். பாஸ்தா செய்த பிறகு தாச்சியை நீங்களே கழுவுங்கோ. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பார்க்க ஒருத்தரும் இல்லாத விடியக்காலையில், தேங்காய் திருவி, பால் பிழிஞ்சு, வேலைக்குப் போறவைக்கும் பள்ளிக்கூடம் போறவைக்கும் நேரத்துக்குச் சொதி வையுங்கோ. திரைஞ்சு போனால் அம்மாட்டக் கேளுங்கோ, எங்க பிழைச்சது எண்டு. அவவுக்குப் பதில் தெரியும்.