பெயரும் ஒரு சரக்குதான்

நமது நெமிலி வட்டத்தில், பனப்பாக்கம் சிப்காட்டில், தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ குழுமத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலைவாய்ப்பு பெருகும், கடைத்தெருவில் வியாபாரமும் கூடும் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் உலகப் புகழ்பெற்ற கம்பெனிகளுக்கு, அவர்கள் பெயர் பொறித்துக் காலணி செய்து கொடுப்பதே அந்தக் குழுமத்தின் தொழில். ஆம்பூர், ராணிப்பேட்டையில் பல தொழிற்சாலைகளும் நெடுங்காலமாக இப்படித்தான் நடக்கின்றன. உழைப்பு நம்முடையது, பெட்டியின் மேலுள்ள பெயர் அயலாருடையது. விலையில் பெரும்பங்கு பெயருக்கே போகிறது.

தோல் தொழில் சும்மா இருந்துவிடவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றிய வட்டாரம் இது. 1970-களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்திய பிறகு, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் முன்னேறியது. 1990-களில் சில சாயங்களும் ரசாயனங்களும் கலந்த தோலுக்கு ஜெர்மனி தடை விதித்தபோது, மாற்று வழி கண்டு தாக்குப்பிடித்தது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இதில் பங்குண்டு. இத்தனை படி ஏறியவர்களில் சொந்தப் பெயரில் உலகச் சந்தைக்குப் போனவர்கள் மிகச் சிலரே.

மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்த பெயருடன் சிப்பம் கட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி. பெயர்ப் பதிவு இல்லாவிட்டால் வரி இல்லை. உடனே நாடெங்கும் வியாபாரிகள் பலர், ஆண்டுக்கணக்கில் வளர்த்த வணிகச் சின்னப் பதிவைத் தாங்களே ரத்து செய்யக் கிளம்பினார்கள். அரசோ, 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் என்றால், பின்னால் ரத்து செய்தாலும் வரி உண்டு என்றது. பிறகு 2022 ஜூலை 18 முதல் பதிவு உண்டா இல்லையா என்ற பேச்சே போயிற்று. 25 கிலோ வரை முன்கூட்டியே சிப்பம் கட்டி லேபிள் ஒட்டினால் வரி என்றாகிவிட்டது. பெயரை விட்டவருக்குப் பெயரும் போயிற்று, வரியும் வந்தது.

பெயருக்கு வரி போட்டது தவறு என்பதே நமது அபிப்பிராயம். உலகச் சந்தையில் இந்தியப் பெயர்கள் நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டே, சிறு வியாபாரி தன் பெயரை மறைத்தால் லாபம் என்று ஒரு சட்டம் சொல்லலாமா? அதே சமயம், நம்மவர்கள் பெயரை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததும் சரியல்ல. மூட்டையின் விலை தெரிந்த நமக்கு, மூட்டை மேல் அச்சடித்த பெயரின் விலை தெரியவில்லை. இத்தனைக்கும் பக்கத்து வேலூர் முள்ளு கத்தரிக்காயே 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது!

பதிவு செய்வது மலையைப் புரட்டும் காரியமல்ல. அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையம் வழியாகவே போடலாம். அரிசி, மாவு, மசாலா 30-ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியானதும், ஆட்சேபிப்பவர்களுக்கு நான்கு மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், மறுபடி புதுப்பிக்கலாம். 2017-இல் பதிவை விட்டவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். இடையில் அதே பெயரை வேறொருவர் எடுத்திருந்தால், முதலில் உபயோகித்தவர் நாமே என்று காட்டப் பழைய பில்கள், சாக்கு அச்சடித்த ரசீதுகள், காலண்டர்கள் உதவும். அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.