உறங்குபவரின் உரிமை: கண்மறைப்பும் காதடைப்பானும் மட்டும் போதுமா?



ஸ்லீப் மாஸ்க் எனப்படும் கண்மறைப்பும், இயர் பிளக் எனப்படும் காதடைப்பானும் இன்று மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோரும், வளைகுடா நாடுகளில் ஓர் அறையில் பலராகத் தங்கியிருப்போரும், சாலையோர வீடுகளில் வசிப்போரும் இவற்றை நாடுகின்றனர். அதனையொட்டிக் கேள்விகளும் எழுகின்றன. காதை அடைத்துக்கொண்டு உறங்கினால் சுப்ஹு பாங்கு எவ்வாறு செவியில் விழும்? இது வீண் ஆடம்பரம் அன்றோ? பட்டுத் துணியாலான கண்மறைப்பை ஆண்கள் அணியலாமா? இவற்றுக்கு இயன்ற அளவில் விடை கூறுவோம். அத்துடன், இப்பொருள்களை நாம் நாடும்படி நம் இரவுகளை ஆக்கியவர் யார் என்ற கேள்வியையும் முன்வைக்க விரும்புகிறோம்.

உறக்கம் ஓர் அமானத்

திருக்குர்ஆனின் 78ஆம் அத்தியாயமான அந்நபஃ, அல்லாஹ்வின் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் இடத்தில் உறக்கத்தையும் இரவையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. இரவு அங்கே ஓர் ஆடையைப் போன்று நம்மைப் போர்த்துவதாகச் சொல்லப்படுகிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த இளம் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிய உரிமைகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தியை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். வணக்கத்திற்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், கைபேசிக்காகவும் அரட்டைக்காகவும் அதனைப் பறிப்பது எவ்வாறு தகும்?

வயது வந்தவருக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்றும் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. நம் கணக்கைப் பார்ப்போம். சுப்ஹுக்காக 5 மணிக்கு எழும் ஒருவர் 7 மணி நேரம் உறங்கியிருக்க வேண்டுமானால், இரவு 10 மணிக்கே உறங்கியிருக்க வேண்டும். காலை 6 மணிக்கு மக்தபுக்குக் கிளம்பும் பத்து வயதுப் பிள்ளை, 8 மணியளவிலேனும் படுக்கைக்குச் சென்றிருக்க வேண்டும். நம் இல்லங்களில் எத்தனை பிள்ளைகள் அந்நேரத்தில் உறங்குகின்றனர்? அலிஃப், பே ஓதும்போதே கண் சொக்கி விழும் சிறுவனைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. அவன் வீட்டுக் கூடத்தில் முந்தைய இரவு எத்தனை மணிவரை விளக்கு எரிந்தது என்று கேட்பதே நியாயம்.

ஒளியை மறைத்தல்

இருள் சூழும்போது நம் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. உறங்கும் வேளை வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் தூதுவன் அது. ஒளி, அதிலும் குறிப்பாகக் கைபேசித் திரையிலும் வெண்ணிற எல்இடி விளக்குகளிலும் மிகுந்துள்ள நீல ஒளி, அச்சுரப்பைத் தடுக்கிறது. மூடிய இமைகளும் ஒளியை முற்றாகத் தடுப்பதில்லை.

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமுள்ள இளைஞர்களை ஓரளவு வெளிச்சமான அறையில் ஓர் இரவு உறங்கச் செய்து ஆராய்ந்தனர். அந்த ஓர் இரவிலேயே அவர்களின் இதயத் துடிப்பு கூடியிருந்தது. மறுநாள் காலையில் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் குறைந்திருந்தது. நீரிழிவு நோய் மலிந்துள்ள நம் சமுதாயம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023இல் 'ஸ்லீப்' என்னும் ஆய்விதழில் வெளியானது. கண்மறைப்பு அணிந்து உறங்கியவர்கள் மறுநாள் புதிய சொல் இணைகளை நன்கு மனத்தில் இருத்தினர்; விழிப்புணர்வுச் சோதனையிலும் விரைந்து செயல்பட்டனர். ஹிஃப்ழு செய்யும் மாணவர்களின் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கண்மறைப்பு வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மூக்கின் இருபுறமும் இடைவெளி விடாமல் அது பொருந்த வேண்டும். பெரும்பாலும் அவ்வழியேதான் வெளிச்சம் நுழைகிறது. கண் பகுதி குழிவாக அமைந்திருப்பின் இமை முடிகள் உரசாமலும், விழி அழுத்தப்படாமலும் இருக்கும். வாரின் நீளம் மாற்றத்தக்கதாக இருத்தல் நலம். ஒட்டுப்பட்டை கொண்ட வார் பெண்களின் கூந்தலில் சிக்கும். அவர்களுக்குக் கொக்கி வைத்த வாரே ஏற்றது. நம் ஊர்ப் புழுக்கத்திற்குப் பருத்தித் துணி பொருந்தும். வியர்வை படிவதால் வாரம் ஒருமுறையேனும் துவைக்க வேண்டும். கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரும், கண் அழுத்த நோய் உள்ளோரும் மருத்துவரைக் கேட்காமல் அணியலாகாது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அணிவிக்கவே கூடாது. வார் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

விளம்பரங்களில் முதலிடம் பெறுவது மல்பெரி பட்டாலான கண்மறைப்பு. ஆண்களுக்குப் பட்டாடை விலக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். உடலில் அணியும் பொருள் என்ற வகையில் இதனையும் ஆண்கள் தவிர்ப்பதே பேணுதலாகும் என்பது நம் கருத்து. பெண்களுக்குத் தடையில்லை. 'சாட்டின்' என்று விற்கப்படுபவற்றில் பல பாலியஸ்டர் இழையால் ஆனவை. அவை பட்டு ஆகா. உறையில் அச்சிட்டுள்ளதைப் படித்து வாங்குவது நன்று.

ஓசையைத் தடுத்தல்

உறக்கத்திலும் செவி உறங்குவதில்லை. நாம் விழித்துக்கொள்ளாத ஓசைகூட ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்து, இதயத்தைத் துரிதப்படுத்திச் செல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009ஆம் ஆண்டில், இரவில் வீட்டுக்கு வெளியே சராசரி ஓசை 40 டெசிபலைத் தாண்டாதிருத்தல் நலம் என்று வரையறுத்தது. 10 டெசிபல் கூடினால் ஓசை ஏறக்குறைய இருமடங்காகச் செவிக்குத் தோன்றும் என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

விலை குறைந்ததும் பயன் மிக்கதும் பஞ்சு போன்ற நுரையாலான காதடைப்பானே. அதனை அணியும் முறை அறியாமல் 'பயனில்லை' என்று ஒதுக்குவோர் உளர். தூய கைகளால் அதனை மெல்லியதாக உருட்ட வேண்டும். மறுகையால் காது மடலை மேல்நோக்கிப் பின்புறமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். உறையில் 33 டெசிபல் என்று அச்சிட்டிருந்தாலும் அது ஆய்வுக்கூடத்து அளவு. சரிவர அணியாதபோது அதில் பாதிகூடக் கிடைக்காது. அழுக்கடைந்ததை மீண்டும் பயன்படுத்தலாகாது. காதில் சீழ், வலி, செவிப்பறையில் துளை ஆகியவை உள்ளோர் தவிர்க்க வேண்டும். எழுந்ததும் உளூவுக்கு முன் அதனை எடுத்துவிட்டால், காதுகளுக்கு மஸ்ஹு செய்வதில் குறை நேராது.

மின்னணு முறையில் ஓசையைக் குறைக்கும் ஹெட்போன்கள் மின்விசிறி, ஏசி போன்றவற்றின் சீரான இரைச்சலையே நன்கு குறைக்கின்றன. திடீரென எழும் ஹாரனையும் பேச்சொலியையும் அவை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் வெளியோசை நின்றுவிடும் என்று நம்புவோரும் உளர். அது வீண் உழைப்பு. ஓசை இடைவெளிகளின் வழியே புகுகிறது. கதவின் அடியிலும் சன்னல் விளிம்பிலும் ரப்பர் பட்டை பதித்து மூடுவதே பயன் தரும். மின்விசிறியின் சீரான ஒலி, இடையிடையே எழும் சிறு ஓசைகளை மூடிமறைத்து உதவும்.

இருவகையினர் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு உறங்கலாகாது: கைக்குழந்தையைத் தனியே கவனிப்பவரும், நோயாளிக்குத் துணையிருப்பவரும். அவர்கள் குரலைக் கேட்பது அவர்மீதுள்ள கடமை. வாழ்க்கைத் துணையின் குறட்டைக்காகக் காதை அடைத்துக்கொள்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பின் திணறலுடன் மீள்கிறதெனில் அது சிகிச்சை தேவைப்படும் நோய். அங்கே வேண்டியது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே.

சுப்ஹு தவறிவிடாதா?

நியாயமான அச்சம் இது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் இரவில் தங்கியபோது, சுப்ஹு நேரத்தைக் கவனித்து எழுப்பும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அயர்வு மிகுதியால் பிலாலும் உறங்கிவிட, சூரிய வெப்பமே அனைவரையும் எழுப்பிற்று என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இரண்டு படிப்பினைகளை இதில் காண்கிறோம். உறங்குவதற்கு முன் எழுவதற்கான ஏற்பாட்டைச் செய்வது சுன்னத். ஏற்பாடு செய்தபின் உறக்கம் மிகைத்துவிட்டால் அது குற்றமாகாது. எழுந்தவுடன் தொழுதுகொள்ள வேண்டும்.

எனவே காதடைப்பான் அணிபவர் அதற்குரிய ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். மணிக்கட்டில் அதிரும் கைக்கடிகாரம் உண்டு; தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரமும் உண்டு. இவற்றினும் மேலானது, வீட்டில் ஒருவர் மற்றவரைத் தொட்டு எழுப்பும் வழக்கம். அதே வேளையில், நள்ளிரவு வரை கைபேசி பார்த்து, நான்கு மணி நேர உறக்கத்தோடு பாங்கைக் கேட்டும் எழ இயலாமல் புரள்பவரைவிட, காதை அடைத்து 10 மணிக்கு உறங்கி அதிர்வில் விழித்தெழுபவர் தொழுகையைப் பேணுவதில் முன்னிற்கிறார் என்றே கருதுகிறோம். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதன் பயனை இங்கே உணரலாம்.

ஓசையை எழுப்புபவர் யார்?

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். நம் தெருக்களின் இரவு ஓசைக்கு லாரிகளும் தொழிற்கூடங்களும் மட்டுமா காரணம்? வலீமா வீட்டின் ஒலிபெருக்கி நள்ளிரவையும் கடந்து முழங்குகிறது. தெருமுனையில் நடைபெறும் மார்க்கப் பயானின் ஒலிபெருக்கி, கூட்டத்தில் அமர்ந்திருப்போரைத் தாண்டி நான்கு தெருக்களுக்கு அப்பால் உள்ள நோயாளியின் படுக்கைவரை செல்கிறது. தராவீஹ் முடிந்தபின் இளைஞர்களின் பைக்குகள் சந்துகளில் உறுமுகின்றன. இவற்றை 'நல்ல காரியம்தானே' என்றும் 'ரமலான்தானே' என்றும் நாம் பொறுத்துக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும் அளவிலும் உறங்குபவரை எழுப்பாத அளவிலும் ஸலாம் கூறுவார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸலாம் என்பது துஆ. அந்த துஆவின் ஒலியைக்கூட உறங்குபவருக்காகத் தாழ்த்திய தூதரின் உம்மத் நாம். பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, சப்தமிட்டு ஓதியவர்களிடம் திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று அவர்கள் தடுத்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த வரம்பு என்றால், வலீமா வீட்டுப் பாட்டொலிக்கு என்ன வரம்பு?

நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குரிய இரவு வரம்பு 45 டெசிபல். பண்டிகை நாள்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாது. பிற சமயத்தாரின் ஒலிபெருக்கியைப் பற்றி முறையிடும் நாம், நம் ஒலிபெருக்கியையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பயானை 9.30 மணிக்குள் முடிக்கலாம். ஒலியை அரங்கின் எல்லைக்குள் நிறுத்தலாம். வலீமா வீட்டாரிடம் முன்கூட்டியே இதனைச் சொல்லிவைக்கலாம்.

இல்லத்திற்குள்ளும் இவ்வாறே. இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்கும் மகனின் அறைக்கு வெளியே மிக்ஸியும் தொலைக்காட்சியும் முழங்கினால், அவன் கண்ணையும் காதையும் எத்தனை அடைத்தாலும் போதாது. 'பகலில் என்ன தூக்கம்?' என்று அவனைக் கேட்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும், அந்த உறக்கத்தின் விலையில்தான் வீட்டின் அடுப்பு எரிகிறது என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம். இஷாவுக்குப் பின் கூடத்து விளக்கைத் தணிப்பதற்கும், கைபேசிகளை ஓரிடத்தில் வைத்துவிடுவதற்கும், கதவை ஓசையின்றிச் சாத்துவதற்கும் ஒரு காசும் செலவாகாது.

கண்மறைப்பும் காதடைப்பானும் ஆகுமான, பயனுள்ள பொருள்களே. தேவையுள்ளோர் தயக்கமின்றி வாங்கிக்கொள்ளட்டும். ஆயினும் அவை உறங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழி. அவரைக் காக்கும் கடமை விழித்திருக்கும் நம்மைச் சேர்ந்தது. நம் கையாலும் நாவாலும், நம் ஒலிபெருக்கியாலும் பிறர் உறக்கம் கெடாதவாறு வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.