கடை வாசலும் சட்டத்தின் கடமையும்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: தவிசாளர், குச்சவெளிப் பிரதேச சபை
பிரதிகள்: பிரதேச செயலாளர், குச்சவெளி, மாவட்டச் செயலாளர், திருகோணமலை

விடயம்: நிலாவெளியின் சிறு கடைகள், உணவகங்கள், விருந்தினர் விடுதிகளில் மாற்றுத்திறனாளிகள் உட்செல்ல வழி செய்வதைக் கட்டாயமாக்குதல்

மதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களுக்கு,

நிலாவெளியின் மாற்றுத்திறனாளிகளும் குடும்பத்தினரும் இணைந்த எமது சங்கம் கேட்பது புதிய சட்டம் அல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் மாற்றுத்திறனாளி ஒருவர் செல்வதை அவரது இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது என்கிறது. அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாகின. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமையவேண்டும் என உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27இல் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு சிறு கடையின் இரண்டு படிகளில் உரிமை நின்றுவிடுகிறது என்றால், சட்டத்துக்கும் வாசலுக்கும் இடையே நிற்கவேண்டிய உள்ளூராட்சி மன்றம் இன்னும் அங்கு வந்து சேரவில்லை என்றே பொருள்.

'கடை என்னுடையது, யாருக்காகவும் அதை மாற்றவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை' என்ற வாதத்தை இந்நாடு முன்பே கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாதியின் பெயரால் கடைகளிலும் உணவகங்களிலும் ஆட்களை வெளியே நிறுத்துவதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர அறுபதுகளில் மக்கள் போராடவேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரையும் கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொதுமக்களுக்கென்று கதவைத் திறந்தவர் அவர்களில் ஒரு பகுதியினரை விலக்கிவைக்க முடியாது என்பது அன்றே முடிவான விடயம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாதித் தடையை நீக்கக் கடைக்காரருக்குச் செலவில்லை; படியை நீக்கச் செலவுண்டு. ஆகவே கடமை எல்லோருக்கும் உண்டு, அதன் அளவு அவரவர் வசதியைப் பொறுத்தது என்பதே எமது நிலைப்பாடு.

அந்தச் செலவு எவ்வளவு? சாய்தளத்துக்குப் பரவலாகக் கைக்கொள்ளும் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடி நீளச் சாய்தளம் போதும். வீதியோரத்தில் அவ்வளவு இடமில்லாத கடை, ஆள் வரும்போது வைத்தெடுக்கும் உறுதியான பலகை ஒன்றை வைத்திருக்கலாம். நடைவழியில் அடுக்கிய மூட்டைகளை ஒதுக்குவதற்கும், பார்வையற்றவருக்கு விலையை வாசித்துச் சொல்வதற்கும் காசு தேவையில்லை. மாரி மழை வெள்ளத்துக்காகவே தளத்தை உயர்த்தினோம் என்பது நியாயமான காரணம். தளத்தைத் தாழ்த்துமாறு நாம் கேட்கவில்லை. ஆழிப்பேரலை, போர், 2019 ஏப்ரல் தாக்குதல், கொரோனா, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கியவர்கள் இக்கரையின் வியாபாரிகள். அவர்கள் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது அநீதி. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம்கூட, ஏற்கெனவே உள்ள கடைகளிடம் பெரிய சிரமமோ செலவோ இன்றிச் செய்யக்கூடியதை மட்டுமே கேட்கிறது; சிறு வியாபாரிகளின் செலவில் ஒரு பகுதியை அந்நாட்டு வரிச்சட்டம் சலுகையாகத் திருப்பியும் தருகிறது.

'அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைக்கு வருவதே இல்லையே' என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதமானோர், அதாவது ஏறக்குறைய 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையோடு வாழ்ந்தனர். உள்ளே வர முடியாதவர்களைக் கடைக்காரர் எங்கே காண்பார்? 'வெளியிலிருந்து கூப்பிட்டால் கொண்டுவந்து கொடுக்கிறோமே' என்பது நல்ல மனதோடு சொல்லப்படுவது. ஆனால் அவ்வாறு வாங்குபவர் பொருளைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை, விலையை ஒப்பிடுவதில்லை, காலாவதித் திகதியைப் பார்ப்பதில்லை, நீட்டியதை வாங்கிக்கொள்கிறார். மருந்தகத்தில் நிலைமை இன்னும் மோசம். தன் நோயை நடுவீதியில் நின்று உரத்துச் சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளுவதை உதவி என்று எப்படிச் சொல்வது? வேறு வழியே இல்லாத கடைக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை இறுதி மாற்றாக நாம் ஏற்கிறோம்.

ஆகவே, சபை அனுமதி வழங்கும் எந்தப் புதிய வியாபாரக் கட்டடத்துக்கும் அணுகுவழி இல்லாத வரைபடத்தை ஏற்கவோ இணக்கச் சான்றிதழ் வழங்கவோ கூடாது எனக் கோருகிறோம். உல்லாசப் பயணிகளை நம்பிப் புதிதாக எழும் விடுதிகளுக்கு இதில் எந்த விலக்கும் வேண்டாம். அவற்றில் தரைத்தளத்தில் ஓர் அறையும் சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடமும் இருக்கவேண்டும். ஏற்கெனவே உள்ள சிறு கடைகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, இயன்றதைச் செய்தார்களா என்பதை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது பார்க்கலாம். அவகாசம் முடியும்வரை தண்டம் விதிக்கவேண்டாம். செய்து முடித்தவர்களுக்கு அனுமதிக் கட்டணத்திலோ சோலைவரியிலோ கழிவு கொடுங்கள். கடைக்கு முன்னுள்ள வடிகானை மூடுவது சபையின் வேலை. அதைக் கடைக்காரர்மேல் சுமத்தலாகாது. சபையின் சொந்தக் கட்டடங்களும் பொதுச் சந்தையும் இக்கடைகளுக்கு முன்பே சீராகவேண்டும். புறாமலைத் தீவுக்குப் படகேறும் பிரச்சினை கடினமானது, தனியே ஆராயவேண்டியது. அதை இம்மனுவில் சேர்க்கவில்லை.

இவை குறித்து வியாபாரிகளையும் எம்மையும் ஒருசேர அழைத்து ஒரு மாதத்துக்குள் கலந்துரையாடல் நடத்துமாறும், எமது உறுப்பினர்கள் தாமே வந்து அமரக்கூடிய தரைத்தள மண்டபம் ஒன்றில் அதை ஒழுங்கு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயற்குழு,
நிலாவெளி