சர்க்கரைப் பலகையை மாணவர்கள் எழுதட்டும்

அதிகச் சர்க்கரையின் தீங்கை விளக்கும் ‘சர்க்கரைப் பலகை’யைப் பள்ளிகளில் வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சிபிஎஸ்இ அறிவுறுத்தியது. 11 முதல் 18 வயதினரின் அன்றாடக் கலோரியில் 15% சர்க்கரையிலிருந்து வருகிறது, 5% மட்டுமே இருக்க வேண்டும் என்று அதன் சுற்றறிக்கை எச்சரித்தது. நல்ல முயற்சிதான். ஆனால், பலகையில் என்ன எழுதுவது, கேன்டீனில் எதை விற்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் மாணவர்கள் இல்லை. அவர்களைச் சேர்க்காமல் வகுக்கும் உடல்பருமன் தடுப்புத் திட்டம் சுவரோடு நின்றுவிடும்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற விதி 2020இலேயே வந்துவிட்டது. அது எந்தக் கடையில் மீறப்படுகிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். டியூஷனுக்கு ஓடும் மாலையில் பசிக்கு எது கிடைக்கிறது, பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடை எந்தப் பாடம் விழுங்குகிறது, மாணவிகள் ஏன் மைதானத்திலிருந்து ஒதுங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் அனுபவிப்பவை.

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே முக்கியமானது. நிறுவனங்கள் எப்படிச் சூழ்ச்சி செய்து நொறுக்குத்தீனியை விற்கின்றன என்று அறிந்த மாணவர்கள், வழக்கமான சத்துணவுப் பாடம் கேட்டவர்களைவிட நல்ல தின்பண்டங்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவுரையைவிட, ஏமாற மாட்டோம் என்ற தன்மதிப்பே அவர்களிடம் வேலை செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2018இல் தொடங்கிய ‘கோ-கிரியேட்’ திட்டத்தில் பதின்பருவத்தினரே கொள்கை யோசனைகளை வகுத்தார்கள். சிறாரைக் குறிவைக்கும் விளம்பரங்களை நிறுத்துவது, சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதிப்பது, கட்டணமின்றி விளையாட வாய்ப்பளிப்பது என்று அவர்கள் கேட்டவை அரசுகள் யோசிக்க வேண்டியவை.

பிள்ளைகளிடம் விட்டால் சிப்ஸும் கோலாவும்தானே கேட்பார்கள் என்று சிலர் அஞ்சலாம். சத்துணவு வரம்புகளை நிபுணர்கள் வகுக்கட்டும்; அந்த வரம்புக்குள் எதை, எப்போது, என்ன விலையில் தருவது என்பதில் மாணவர்கள் பங்கேற்கட்டும். அதற்காகப் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்திவிடவும் கூடாது. விளம்பரத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவது அரசின் கடமை.

ஒவ்வொரு பள்ளியிலும் சரிபாதி மாணவர்களைக் கொண்ட உணவு, விளையாட்டுக் குழு அமைய வேண்டும். கேலிக்கு ஆளாகும் பருமனான பிள்ளைகளின் குரலும் அதில் ஒலிக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து அறிவிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும். குழுவின் பரிந்துரையை நிர்வாகம் ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்வது குழந்தைகளின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1992இல் அதை ஏற்ற இந்தியா, பள்ளிக் கேன்டீனிலிருந்தே அதைச் செயல்படுத்தத் தொடங்கலாம்.