நோய் போயிற்று, பிணி நிற்கிறது

நோய், பிணி என்னும் இரு சொற்களையும் நாம் ஒரு பொருளனவாகவே வழங்குகின்றோம். சொற்பிறப்பை நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகும். நோவச் செய்வது நோய். பிணித்து நிற்பது பிணி. பல்லாண்டுகளாக வகுப்பில் யான் சொல்லிவந்த இவ்விளக்கத்தின் மெய்ம்மையை என் உடம்பே எனக்குக் கற்பித்தது 2021ஆம் ஆண்டிலாகும்.

அவ்வாண்டு ஆவணியில் கோவிட்-19 என்னையும் பற்றியது. காய்ச்சல் ஐந்து நாளில் நீங்கிற்று. பின்னர்ப் பாடசாலை திறந்தபோது, வகுப்பில் விருத்தம் ஒன்றை இசையோடு படிக்கப் புகுந்தேன். மூன்றாம் அடியில் மூச்சு நின்றது. நான்காம் அடியோ, நூறு முறை படிப்பித்ததாயினும், நினைவில் எழவில்லை. மாணவர் ஒருவரை ஒருவர் பார்த்தனர். ஓராண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, விடுமுறையும் கிடைத்தது, ஆதலின் தப்பினேன். இவ்விரண்டும் இல்லாதார் நிலை யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இந்நிலையை 'லோங் கோவிட்' என்பர். நெடுங்கோவிட் என நாம் கூறலாம். இப்பெயரை இட்டவர் வைத்தியர் அல்லர்; நோயுற்றோரே. எலிசா பெரேகோ என்னும் தொல்பொருளாய்வாளர் 2020 மே மாதத்தில் தம் துன்பத்தைக் குறிக்க இச்சொல்லை வழங்க, அது உலகெங்கும் பரவிற்று. உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் இதற்கு வரையறை வகுத்தது. தொற்றுத் தொடங்கி ஏறத்தாழ மூன்று திங்களின் பின்னரும் காணப்பட்டு, இரு திங்களேனும் நீடித்து, வேறு நோயாற் காரணங்கூற இயலாத குறிகளே அவை. களைப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, நினைவு மங்கல் என்பன அவற்றுட் சில. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. இன்று சிறிது உழைத்தவன் நாளை எழமாட்டாது கிடப்பான். சற்றுத் தேறிப் பழையபடி உழைக்கப் புகின், மீண்டும் வீழ்வான். இதனை உறுதிப்படுத்தும் தனிப் பரிசோதனையும் முற்றத் தீர்க்கும் மருந்தும் இன்னும் காணப்படவில்லை. தடுப்பூசி பெற்றோர்க்கு இடர் குறைவு என்பது ஓர் ஆறுதல்.

தொற்றுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுவர்க்கு இந்நிலை நேர்வதாக அந்நிறுவனம் கூறுகின்றது. உலகில் 40 கோடி மக்களை இது தாக்கியதென்றும், இதனால் ஆண்டுதோறும் ஓர் இலட்சங்கோடி டொலர் இழப்பு உண்டாகின்றதென்றும் 'நேச்சர் மெடிசின்' இதழில் 2024இல் வெளிவந்த கட்டுரை மதிப்பிட்டது. இலங்கையில் உறுதிசெய்யப்பட்ட தொற்றாளர் ஏறத்தாழ 670,000 பேர். நூற்றுக்கு ஆறு என்று கொள்ளின் 40,000 பேர் ஆவர். இஃது எண்ணிக் கண்ட தொகையன்று. விகிதத்தாற் பெற்ற மதிப்பே. எண்ணிக் காணாமையே என் முறைப்பாடு.

நிற்க. மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் பெருந்தெருவில் உள்ளது இலுப்பைக்கடவை. மேற்கே கடல்; கிழக்கே வயல். இங்கு உழைப்பு என்பது உடம்பால் உழைப்பதே. வலை இழுக்கும் கைக்கு மருத்துவ விடுமுறை ஏது?

என் மாணவன் ஒருவன் சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதம் இருக்கையில் பாடசாலைக்கு வாராது நின்றான். வீடு சென்று வினவினேன். "ஐயா, அப்பாவைச் சோதிச்சுப் பாத்ததில ஒண்டும் இல்லையாம். ஆனா ஒரு நாள் கடலுக்குப் போனா ரெண்டு நாள் படுக்கிறார். அதான் நான் போறன்" என்றான். தந்தை திண்ணையில் இருந்தார்; நாற்பத்தைந்து வயதிருக்கும். வள்ளத்தின் இயந்திரம் கடனில் வாங்கியது. மனைவியின் நகை அடைவில் இருந்தது. இவை அனைத்தையும் அவர் அமைதியாகவே சொன்னார். "ஊருக்குள்ள என்னைச் சோம்பேறி எண்டு சொல்லுறாங்கள், ஐயா" என்றபோதுதான் அவர் குரல் தழுதழுத்தது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டபின்னும் பலர் மாதக்கணக்கில் மூட்டு நோவால் வருந்தினர். அவர்களை எவரும் சோம்பேறி என்றிலர். வீங்கிய மூட்டைக் கண் கண்டது. நெடுங்கோவிட்டைக் கண் காண்பதில்லை.

காணாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, வயல் சோர்ந்தது. 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென அறிவித்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. 2021இல் நூற்றுக்கு 13.1 ஆக இருந்த வறியோர் தொகை 2022இல் 25 ஆயிற்று என உலக வங்கி கணித்தது. எல்லாரும் வீழ்ந்த காலத்தில், முன்னரே வீழ்ந்து கிடந்தவனைத் தனித்துக் காண்பார் யார்? ஏனையோர் மெல்ல எழுந்தனர், அவன் எழவில்லை. அப்போதுதான் ஊரார் கண்ணுக்கு அவன் சோம்பேறி ஆனான்.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலத்திட்டம் சிறுநீரக நோயாளரைத் தனியே பெயர்கூறி உதவுகின்றது. உலர்வலய உழவரிடையே அந்நோய் பல்லாண்டு ஆராயப்பட்டு, அதன் பரப்பு அறியப்பட்டது. எண்ணப்பட்டது பெயர் பெற்றது. பெயர் பெற்றது உதவி பெற்றது. பிரித்தானியா 2020இலேயே நெடுங்கோவிட்டுக்கெனச் சிகிச்சை நிலையங்களை அமைக்க முற்பட்டது. அமெரிக்கா 2021 யூலையில், இது சட்டப்படி மாற்றுத்திறனாளர் நிலையாகவும் கொள்ளப்படலாம் என அறிவித்தது. அவை செல்வ நாடுகள் என்பது உண்மையே. ஆயினும் எண்ணுதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நம் ஊர்களிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் உளர். தொற்றுக்குப் பின் மூச்சு எவ்வாறு உள்ளது, உழைப்பு எவ்வாறு உள்ளது என நான்கு வினாக்களை வீடுதோறும் அவர்கள் கேட்டெழுதினாற் போதும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இத்தகையோர்க்குக் கரையிற் செய்யத்தக்க இலகு வேலையை ஒதுக்கலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்துக்கு நான்கு கூறு கூறி முடிகின்றது. இப்பிணிக்கு மருந்து இன்னும் வரவில்லை. வைத்தியர்க்கும் ஐயம் தீரவில்லை. எஞ்சியது நான்காம் கூறு, அது நாமே. பேணுதற்கு முதற்படி நம்புதல். அம்மாணவன் இப்பொழுது மாலையில் என் வீட்டுக்கு வந்து படிக்கின்றான். அடுத்த முறை பரீட்சை எழுதுவான். அவன் தந்தையைச் சோம்பேறி என்று சொன்னவருள் ஒருவர் அண்மையில் என்னிடம் அச்சொல்லைத் திரும்பப் பெற்றார். ஏனையோரும் பெறுவாராக.