நிற்கும் கால்களின் நிறம்

காளிகாட்டைத் தேவியின் வலக்கால் விரல்கள் விழுந்த தலம் என்பர். அத்தலத்துக் கடைகளிலே நாள் முழுதும் நிற்போரின் கால்களை நாம் நோக்குகிறோமா, நண்பர்களே? கணுக்காலுக்கு மேலே பழுப்பேறிய தோலைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அழுக்கென்பார் சிலர், தொற்றுநோயென்று ஒதுங்குவார் சிலர். பெரும்பாலும் அது இரத்த ஓட்டத்தின் கோளாறே.

காலிலுள்ள இரத்தம் இதயத்திற்கு மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைத் தசை அதை மேலே தள்ளுகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அது கீழிறங்காது காக்கின்றன. அசையாது நின்றால் இரத்தம் தேங்கி அழுத்தம் மிகும். ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் வால்வுகள் பழுதாகலாம். சிவப்பணுக்கள் நுண்குழாய்களினின்று கசிந்து சிதையும். அவற்றின் இரும்பே தோலிற் படிந்து பழுப்பாகும். கவனியாவிடில் புண்ணும் வரும்.

தேய்த்துக் குளித்தால் இது போகாது. நடத்தல், காலை உயர்த்தி வைத்தல், மருத்துவர் தரும் இறுக்கமான காலுறை ஆகியவை உதவும். ஆனால் உட்காரவே இடமில்லாதவருக்கு இவ்வறிவுரையால் என்ன பயன்? கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்க்கு இருக்கை தரச் சட்டம் செய்தன. எந்த ஊரிலும் சட்டத்தைச் செயலாக்குவது வாங்குவோரின் குரலே. அடுத்த முறை கடையேறும்போது துணியின் விலையோடு, “ஊழியர்க்கு இருக்கை எங்கே?” என்றும் கேட்போம்.