பெயர் ஒன்று, சொந்தக்காரர் இரண்டு! அயர்லாந்து தகராறு அடங்கியது எப்படி?

சம்பளம் இல்லை, முதலாளி இல்லை. தானாக வந்து வேலை செய்கிற கூட்டம். அங்கே சண்டை வந்தால் யார் சொல்றதை யார் கேட்பாங்க? ஆங்கில விக்கிபீடியா கலைக்களஞ்சியத்தில் நடந்த ஒரு தகராறு இதற்குப் பதில் சொல்கிறது.

தகராறு என்ன?

அயர்லாந்து ஒரு தீவு. அதில் மொத்தம் 32 மாவட்டங்கள். 26 மாவட்டங்கள் சேர்ந்தது தனி நாடு. வடக்கே உள்ள 6 மாவட்டங்கள் பிரிட்டனுடன் இருக்கின்றன. 1937-ம் ஆண்டு அரசியல் சட்டப்படி, அந்தத் தனி நாட்டின் பெயரும் அயர்லாந்துதான்! 1948-ம் ஆண்டுச் சட்டம், நாட்டை "அயர்லாந்து குடியரசு" என்று குறிப்பிடவும் வழி செய்தது.

அப்படியானால் "அயர்லாந்து" என்ற தலைப்பு யாருக்கு? தீவுக்கா, நாட்டுக்கா? ஒரு நாட்டின் சட்டப் பெயரை ஒதுக்குவதா என்பது ஒரு கட்சி. நாட்டுக்குக் கொடுத்துவிட்டால் வடக்கே இருக்கிறவங்க அயர்லாந்துக்காரங்க இல்லையா என்பது எதிர்க்கட்சி. தலைப்பை மாற்றுவதும், திரும்ப மாற்றக் கேட்பதுமாக சண்டை வளர்ந்தது.

3 பேர் கமிட்டி

வழக்கு விக்கிபீடியாவின் நடுவர் குழுவுக்குப் போனது. எந்தத் தலைப்பு சரி என்று குழு தீர்ப்புச் சொல்லவில்லை. முடிவு எடுக்கும் முறையை நீங்களே பேசி வகுத்துக்கொள்ளுங்கள், 14 நாளில் முடியாவிட்டால் தகராறில் சம்பந்தப்படாத 3 நிர்வாகிகளைக் கொண்ட தற்காலிகக் கமிட்டி முறையை வகுக்கும் என்றது. அதுவரை தலைப்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்றும் தடை போட்டது.

பல மாதப் பேச்சுக்குப் பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. 2009 செப்டம்பரில் முடிவு வந்தது. தீவுக்கு "அயர்லாந்து", நாட்டுக்கு "அயர்லாந்து குடியரசு" என்ற பழைய ஏற்பாடே ஜெயித்தது. 2 வருடத்துக்கு மறுபேச்சு கிடையாது என்றும் முடிவானது.

பலித்த ரகசியம்

பழைய ஏற்பாடே நிலைத்ததற்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். சண்டைக்காரரே நீதிபதியாக இருந்தால் தோற்றவர் ஒப்ப மாட்டார். இங்கே வழியை முதலில் பேசிவிட்டு, பிறகுதான் ஓட்டுப் போட்டார்கள். 2 வருடம் கழித்துக் கேட்கலாம் என்ற கதவு திறந்திருந்ததால், தோற்றவருக்கும் வெளியேற அவசியம் இல்லை.

சம்பளம் வாங்குகிறவர் கோபத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வருவார். தொண்டர் அப்படியா? மனசு கசந்தால் எழுந்து போய்விடுவார். அவரை உட்கார வைப்பதுதான் பெரிய காரியம்.

எந்தப் பெயர் நியாயம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தத் தலைப்புகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன!